சுமைக்குப் பின்னே மறையும் சிவப்பு விளக்கு

தலைச்சுமையாகவும் மாட்டு வண்டியிலும் ஊர்ந்து சென்ற நூலும் துணியும் இன்று மோட்டார் சைக்கிளிலும் மொபெட்டிலும் விரைந்து செல்கின்றன. சென்னிமலைப் போர்வையாயினும் பவானி ஜமுக்காளமாயினும், சுற்றுக் கிராமத்துத் தறியிலிருந்து இறங்கிச் சங்கத்தின் கிடங்கை வந்தடைவதற்கு இவ்விருசக்கர வண்டியையே பெரிதும் நம்பியிருக்கிறது. விவசாய அன்பர்களின் நிலையும் இதுவே. 1999-ஆம் ஆண்டில் உழவர் சந்தைகள் தோன்றிய பின்னர், விடியுமுன்பே காய்கறி மூட்டைகளைக் கட்டிக்கொண்டு புறப்படும் சிறு விவசாயிகளின் எண்ணிக்கை பெருகிவிட்டது. இடைத்தரகரின் வண்டிக்காகக் காத்து நில்லாமல், தம் சரக்கைத் தாமே கொண்டு செல்லும் வசதியை ஏழைக் குடும்பங்களுக்கு அளித்த இவ்வண்டியை நாம் குறை கூற வரவில்லை. அதன் பின்புறத்தில் உள்ள ஒரு சிறு விளக்கைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறோம்.

மாட்டு வண்டிக் காலத்தை நினைவில் வைத்திருக்கும் மூத்த அங்கத்தினர்கள் ஒன்றை அறிவர். இரவில் செல்லும் வண்டியின் அச்சுக்கடியில் ஒரு லாந்தர் விளக்கு ஆடிக்கொண்டே செல்லும். அதைத் தொங்கவிட்ட இடம் கவனிக்கத்தக்கது. மேலே வைக்கோற் போர் எவ்வளவு உயர்ந்திருப்பினும், பருத்திப் பொதி எத்துணை அகன்றிருப்பினும், அந்த விளக்கை எச்சுமையும் மறைக்க இயலாது. வண்டியோட்டி படித்தவனல்லன், ஆயினும் விளக்கைச் சுமைக்கு எட்டாத இடத்தில் வைத்தான். இன்றைய மோட்டார் சைக்கிளிலோ, ஆசனம் முடியும் இடத்துக்கு நேர் கீழே பின்விளக்கு அமைந்திருக்கிறது. ஓட்டுபவர் ஒருவரும் அவருக்குப் பின்னே அமர்பவர் ஒருவருமாகச் செல்வதை எண்ணியே அது அவ்விடத்தில் வைக்கப்பட்டது. அதன்மேல் துணிக் கட்டு ஒன்று வந்து அமரும் என்றோ, அதன் ஓரம் ஒரு சாண் கீழிறங்கித் தொங்கும் என்றோ அதை அமைத்தவர்கள் எண்ணியிருக்க வேண்டியதில்லை. நம் அங்கத்தினர்கள் எண்ண வேண்டும்.

பின்விளக்கு ஒன்றுதான் எனினும் அது செய்யும் வேலைகள் இரண்டு. இரவில் தொடர்ந்து மங்கலாக எரிந்து, 'இங்கே ஒரு வண்டி இருக்கிறது' என்று அறிவிப்பது ஒன்று. பிரேக் பிடித்தவுடன் பளிச்சென்று ஒளிர்ந்து, 'இந்த வண்டி வேகம் குறைகிறது' என்று எச்சரிப்பது மற்றொன்று. பழைய இழை பல்பு பொருத்திய வண்டிகள் பலவற்றில் ஒரே பல்புக்குள் 5 வாட் இழை ஒன்றும் 21 வாட் இழை ஒன்றும் இருக்கும். முன்னது முதல் வேலைக்கு, பின்னது இரண்டாவதற்கு. இவ்விரண்டின் ஒளிக்கும் இடையே உள்ள பெரும் வேறுபாடே பின்னால் வருபவருக்கு மொழியாகப் பயன்படுகிறது. சுமை தொங்கி விளக்கை மூடும்போது இவ்விரண்டு வேலைகளும் ஒருங்கே கெடுகின்றன. மாட்டுத் தீவனக் கட்டை ஏற்றிச் செல்லும் மொபெட்டைப் பின்னாலிருந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. விளக்கும் தெரியாது, எண் பலகையும் தெரியாது, பச்சைப் புல் ஒன்று தானே சாலையில் நகர்வது போலிருக்கும்.

இதன் விளைவைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் தூரம் கடக்கிறது. முன்னால் சிவப்பு விளக்கு ஒளிர்ந்ததைக் கண்டு, கால் பிரேக்கை மிதிக்கும் வரையில் ஒரு சாதாரண மனிதருக்கு ஒரு விநாடியோ அதற்குச் சற்று மேலோ ஆகும். விளக்குத் தெரியாவிட்டால், முன் செல்லும் சுமை கண்ணெதிரே பெரிதாவதைக் கொண்டுதான் அது நிற்கிறது என்பதை அவர் ஊகிக்க வேண்டும். அந்த ஊகத்திற்கு மேலும் ஒரு விநாடி போயிற்றென்றால், மேலும் 11 மீட்டர் போயிற்று. நம் ஊர்ச் சாலைகளில் ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் இடையே 11 மீட்டர் இடைவெளி விடுபவர்கள் எத்தனை பேர் என்பதை வாசகர்களே அறிவர்.

பெருஞ்சாலையில் நிலைமை இதனினும் கடுமையானது. சேலத்திலிருந்து கோயம்புத்தூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலை பவானியையும் பெருந்துறையையும் ஒட்டிச் செல்கிறது. சுமையேற்றிய மொபெட் அதில் 35 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், பின்னால் வரும் பேருந்து 80 கிலோமீட்டரில் வருகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 45. அதாவது விநாடிக்குப் பன்னிரண்டரை மீட்டர் வீதம் இடைவெளி சுருங்குகிறது. மொபெட்டுக்காரர் பிரேக்கைத் தொடவே வேண்டியதில்லை. அவர் அங்கே இருப்பதே போதும், விபத்து நேர்ந்துவிடும். ஆகவே 'நான் அநாவசியமாக பிரேக் பிடிப்பவனல்லன்' என்று கூறும் அன்பர்களுக்கும் இக்கட்டுரை உரியதே.

மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். இவர்களுள் நூற்றுக்கு 44-க்கும் மேற்பட்டவர்கள் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். விபத்துகளை வகை பிரித்துப் பார்க்குமிடத்து, பின்னாலிருந்து வந்து மோதியவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. இவற்றுள் எத்தனை, சுமை மறைத்த விளக்கினால் நேர்ந்தவை என்று அக்கணக்கு பிரித்துச் சொல்வதில்லை. ஆனால் 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் விற்பனையாகும் புதிய இருசக்கர வண்டிகளில் முன்விளக்கு பகலிலும் தானே எரியும்படி அமைக்க வேண்டும் என்று அரசு விதித்தது நினைவிருக்கும். எதிரே வருபவருக்கு நாம் தெரிய வேண்டும் என்பதற்கு அத்துணை அக்கறை. பின்னால் வருபவருக்குத் தெரிவதை நம் கயிறும் கோணிச் சாக்கும் அல்லவோ தீர்மானிக்கின்றன!

பரிகாரம் யாது? முதலாவது, செலவே இல்லாதது. கட்டை ஒரு சாண் உயர்த்திக் கட்டினாலும், பின்னால் தொங்கும் சாக்கின் ஓரத்தை மடித்துச் செருகினாலும் பாதிக் குறை நீங்கும். அளவுக்கு மீறிய சுமைக்கு நாம் பரிந்து பேசவில்லை. ஆனால் சட்டத்திற்குட்பட்ட சுமையே கூட, கட்டும் முறையால் விளக்கை மறைப்பதை அடிக்கடி காண்கிறோம். இதைச் செய்த பிறகும் மறைவு நீங்காத வண்டிகளுக்குத்தான் துணைப் பிரேக் விளக்கு ஒன்று வேண்டும் என்கிறோம்.

இத்துணை விளக்கு எங்கே இருக்க வேண்டும் என்பதில்தான் பலர் தவறுகின்றனர். அழகுக்காக எண் பலகைக்கு அடியில் ஒட்டுவதில் பயனில்லை. பழைய விளக்கை மறைக்கும் சாக்கு இதையும் மறைக்கும். கேரியரின் கடைக்கோடியில், சுமையின் பின்முகத்துக்கும் வெளியே தெரியும்படி வைக்க வேண்டும். நாள்தோறும் சுமையின் அளவு மாறும் வண்டிக்கு வேறு ஒரு வழி உண்டு. இங்கிலாந்தில் காரின் பின்னே சைக்கிள் தாங்கி மாட்டுவோர், அது காரின் விளக்குகளையும் எண்ணையும் மறைப்பதால், விளக்கும் எண்ணும் பொருத்திய பலகை ஒன்றைத் தாங்கியின் பின்னே கட்டிவிடுகின்றனர். ஒயரின் முனையைச் செருகினால் எரியும். வேலை முடிந்ததும் கழற்றி வைத்துக்கொள்ளலாம். முழ நீளப் பலகை ஒன்றில் சிவப்பு எல்.இ.டி. விளக்கைப் பொருத்தி, மூட்டையின் பின்முகத்தில் கொக்கியிட்டுத் தொங்கவிட்டால் நம் ஜமுக்காளக் கட்டுக்கும் அதுவே போதும். கட்டு பெரிதானாலும் சிறிதானாலும் விளக்கு கடைசியில் நிற்கும். இவ்வேலைக்கு நம் ஊர்த் தச்சரும் மெக்கானிக்கும் போதுமானவர்கள்.

இரண்டு விளக்குகளை இரு ஓரங்களில் வைக்கலாமா என்று சிலர் கேட்கின்றனர். இதில் நன்மையும் உண்டு, கெடுதியும் உண்டு. இருட்டில் ஒற்றை விளக்கின் தூரத்தைக் கணிப்பது கடினம். இரண்டு விளக்குகளாயின், நெருங்க நெருங்க அவற்றின் இடைவெளி விரிவதைக் கண்டு பின்னால் வருபவர் விழித்துக்கொள்வார். ஆனால் ஒரே உயரத்தில் சற்றே தள்ளித் தள்ளி வைத்த இரு சிறு விளக்குகளைத் தொலைவில் செல்லும் ஒரு காரென்று மயங்கவும் இடமுண்டு. நமது அபிப்பிராயம், கீழே இரண்டு வைப்பவர்கள் நடுவில் உயரமாக மூன்றாவது ஒன்றையும் வைத்து முக்கோணமாக்கிவிட வேண்டும் என்பது. அவ்வளவு செய்ய இயலாதவர்களுக்கு நீண்ட ஒற்றை விளக்கே மேல்.

இனி மின் இணைப்பைப் பற்றி. கைப்பிடியிலுள்ள முன்பிரேக்குக்கு ஒரு சுவிட்சும், கால் பிரேக்குக்கு ஒரு சுவிட்சும் பெரும்பாலான வண்டிகளில் உண்டு. இரண்டில் எதை இயக்கினாலும் பின்விளக்குக்குச் செல்லும் ஒரே ஒயரில் மின்சாரம் பாயும். துணை விளக்கின் பிரேக் ஒயரை அந்த ஒயரோடு கிளையாகச் சேர்க்க வேண்டும். மற்றொரு ஒயரை எர்த்தில் சேர்க்க வேண்டும். இரவில் மங்கலாக எரிவதற்கு மூன்றாவது ஒயர் ஒன்றைப் பின்விளக்கின் சாதாரண இணைப்பிலிருந்து எடுக்க வேண்டும். பெருஞ்சாலையைப் பற்றி மேலே கூறியதை எண்ணினால் இம்மூன்றாவது ஒயரைச் சிக்கனம் கருதி விட்டுவிடுவது தகாது. வேகமே குறைக்காமல் செல்லும் வண்டியை இருட்டில் காட்டுவது அதுதான்.

இழை பல்பைக் காட்டிலும் எல்.இ.டி. விளக்கை நாம் சிபாரிசு செய்வதற்குக் காரணங்கள் உண்டு. 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் ஒன்றே முக்கால் ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். அதே போன்ற மற்றொன்றையும் சேர்த்தால் சிறிய பிரேக் சுவிட்ச் இரு மடங்கு பாரம் தாங்க வேண்டும். நாளடைவில் அது தீய்ந்துபோவதில் வியப்பில்லை. எல்.இ.டி. விளக்கோ இரண்டு மூன்று வாட்டில் வேலையை முடித்துவிடும். மேலும், இழை சூடேறி முழு ஒளி பெறுவதற்கு விநாடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆகிறது, எல்.இ.டி. உடனே ஒளிர்கிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அந்த ஐந்தில் ஒரு விநாடிக்குள் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் வந்துவிடும். ஒரு மொபெட்டின் நீளம் அதைவிடக் குறைவு என்று சொன்னால் போதும்.

எனினும் ஓர் எச்சரிக்கை. பழைய மொபெட்டுகள் சிலவற்றில் பாட்டரி கிடையாது. எஞ்சினோடு சுழலும் மாக்னெட்டோவிலிருந்து விளக்குக்கு நேரே மின்சாரம் வரும். அது திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம். எஞ்சின் வேகத்தோடு அதன் வோல்ட்டும் ஏறி இறங்கும். கடையில் கிடைக்கும் சாதாரண எல்.இ.டி. விளக்கை அதில் மாட்டினால் நடுங்கி நடுங்கி எரியும், அல்லது விரைவில் கெட்டுப்போகும். இவ்வகை வண்டிக்காரர்கள் அதற்கேற்ற ரெக்டிபயரும் ரெகுலேட்டரும் வைத்துத் தருமாறு மெக்கானிக்கிடம் கேட்டுப் பெற வேண்டும். ஒயரைச் சீவி முறுக்கி, மேலே டேப் சுற்றுவதோடு நிறுத்திக்கொள்ளும் வேலையையும் ஏற்கலாகாது. சேறும் மழையும் படும் இடம் அது. பற்றவைத்து மூட வேண்டும். அல்லது வண்டியின் ஒயரை வெட்டாமலே செருகும் இணைப்பைப் பயன்படுத்த வேண்டும். கிளை ஒயரில் இரண்டு ஆம்பியர் பியூஸ் ஒன்றும் இருக்கட்டும். துணை விளக்கில் கோளாறு நேர்ந்தால் அது மட்டும் அணையும். தாய் விளக்கு பிழைக்கும்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. நீலமும் பச்சையுமாக மின்னும் பட்டைகளை வண்டியின் பின்னால் ஒட்டுவது இப்பொழுது ஒரு மோகமாக இருக்கிறது. பின்னால் வருபவருக்குச் சிவப்பு ஒன்றுதான் பொருள் தருவது. ஓயாமல் மின்னிக்கொண்டிருக்கும் விளக்கு, பிரேக் பிடிக்கும்போது புதிதாக என்ன சொல்லிவிட முடியும்? எப்பொழுதும் முழு ஒளியில் எரியும் சிவப்பு விளக்கும் அவ்வாறே. கூச்சலிட்டுக்கொண்டே இருப்பவன் ஆபத்துக் காலத்தில் கூவினாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இத்துணை விளக்கினால் விளையும் நன்மையை மிகைப்படுத்திக் கூறுவதும் முறையன்று. அமெரிக்காவில் இதைப் பற்றி நெடுநாள் ஆராய்ந்திருக்கிறார்கள். சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் ஜான் வோவோட்ஸ்கி என்னும் உளவியல் அறிஞர் டாக்சிகள் பலவற்றில் கூடுதல் எச்சரிக்கை விளக்கைப் பொருத்திப் பார்த்து, பின்னாலிருந்து மோதப்படும் விபத்துகள் ஏறத்தாழ 60 விழுக்காடு குறைந்தன என்று 1974-இல் அறிவித்தார். 1986-ஆம் ஆண்டு மாடல் முதல் அந்நாட்டுக் கார்கள் அனைத்திலும் பின்புறம் நடுவில் உயரமாக மூன்றாவது பிரேக் விளக்கு ஒன்று கட்டாயமாயிற்று. நம் ஊர்க் கார்களிலும் பின் கண்ணாடிக்குள் அதைக் காணலாம். பல்லாண்டுகள் கழித்து அந்நாட்டு அரசு 1998-இல் கணக்கெடுத்தபோது, நிலைத்து நின்ற பயன் 4.3 விழுக்காடு என்று தெரியவந்தது. எங்கும் பரவிய பின் அவ்விளக்கின் புதுமை போய்விட்டது. நூற்றுக்கு 4 என்பது அற்பமா என்றால், ஒரு விளக்கின் விலைக்கு அது அற்பமன்று என்பதே அவர்கள் கண்ட முடிவு. ஆனால் அவர்களுடைய கார்களில் முதல் இரண்டு விளக்குகளும் நன்றாகத் தெரிந்துகொண்டிருந்தன, மூன்றாவதுதான் கூடுதல். நம் சுமை வண்டியில் முதல் விளக்கே தெரிவதில்லை. நமக்கு இது மூன்றாவது விளக்கன்று, முதல் விளக்கு.

சட்டம் இடங்கொடுக்குமா என்ற ஐயமும் எழலாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. மாற்றம் என்பது வண்டியின் அடிப்படை அம்சம் மாறும்படி அதன் அமைப்பை மாற்றுவதே என்று அப்பிரிவிலேயே விளக்கம் தரப்பட்டுள்ளது. கழற்றி மாட்டும் சிறு சிவப்பு விளக்கு அவ்வகையில் சேர்வதாக நாம் கருதவில்லை. ஆனால் கம்பெனி பொருத்திய பின்விளக்கை எக்காரணங்கொண்டும் அகற்றலாகாது. மோட்டார் சைக்கிளின் பின்னே சிவப்பு எதிரொளிப்பான் ஒன்றேனும் இருக்க வேண்டும் என்பதும் விதி. சுமை அதை மறைத்தால், ஒளியைத் திருப்பியடிக்கும் சிவப்பு ஸ்டிக்கர் பட்டை ஒன்றைப் பலகையிலேயே ஒட்டிவிடலாம். அதற்கு மின்சாரமும் வேண்டியதில்லை.

நம் சங்கங்களின் பங்கு என்ன என்பதைச் சற்று அழுத்தியே கூற விரும்புகிறோம். 'ஏனுங்க, விளக்கு மாட்டுவதும் சங்கத்தின் வேலைங்களா?' என்று கேட்கும் டைரக்டர்கள் உண்டு. சங்கத்தின் கிடங்கில் உள்ள சரக்கைத் தீ விபத்துக்கு எதிராக இன்ஷூர் செய்திருக்கிறதா என்பதைப் பார்வையிடும் அதிகாரிகள் தவறாமல் கேட்கிறோம். அச்சரக்கு கிடங்கின் வாசலை எட்டுவதற்கு முன் வந்த பாதையைப் பற்றி எந்தப் படிவத்திலும் ஒரு கேள்வியும் இல்லை. ஆனால் அந்தப் பாதையில் அங்கத்தினர் எந்நேரத்தில் வருகிறார் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது சங்கந்தான். துணி வரவு பிற்பகல் 4 மணிக்குமேல் என்றும், கூலிப் பட்டுவாடா அதற்கும் பிறகென்றும் வைத்துக்கொண்டால், நெசவாளர் புது நூலை ஏற்றிக்கொண்டு இருட்டில்தான் வீடு திரும்புவார். வரவு நேரத்தைக் காலை 10 மணிக்கு மாற்றினால் சங்கத்துக்கு ஒரு காசும் செலவில்லை. குமாஸ்தாவுக்குச் சிறிது சிரமம் இருக்கலாம். அந்தச் சிரமத்தைப் பெரிதாகப் பேசுவோரிடம், மாலை 7 மணிக்கு நூல் மூட்டையோடு பெருஞ்சாலையைக் கடந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

விளக்கின் விலை சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். நெசவுக் கூலியில் அதுவும் ஒரு சுமைதான் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் 100 அங்கத்தினர்கள் தனித்தனியே கடைக்குச் சென்று, கிடைத்ததை, கேட்ட விலைக்கு வாங்கி, தெரிந்தவரிடம் மாட்டிக்கொள்வதைவிட, சங்கம் ஒரே தரமான விளக்கை மொத்தமாகத் தருவித்து, ஒரு நல்ல மெக்கானிக்கை வரவழைத்து இரண்டு நாட்களில் மாட்டி முடிப்பது மலிவு. வேலையும் ஒழுங்காக இருக்கும். நூலை மொத்தமாக வாங்கத் தெரிந்த சங்கத்திற்கு விளக்கை வாங்கத் தெரியாதா? துணை விதிகள் இடமளிக்கும் சங்கங்களில் பொதுநலக் காரியங்களுக்கு ஒதுக்கும் தொகையிலிருந்து பாதியைக் கொடுத்து, மீதியைக் கூலியில் மூன்று நான்கு தவணைகளில் பிடித்துக்கொள்ளலாம். முழுவதும் இலவசமாகக் கொடுப்பதை நாம் விரும்பவில்லை. தம் காசு போட்ட பொருளைத்தான் மனிதர் துடைத்து வைக்கிறார். உற்பத்தியாளர் சங்கங்களில் விவசாய அங்கத்தினர்களுக்கும் இம்முறை பொருந்தும். விடியற்காலச் சந்தைக்குப் போகிறவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டும்.

மாட்டியதோடு வேலை முடிந்துவிடாது. பின்சக்கரத்துப் பிரேக் கட்டை தேயத் தேயக் கால் பிரேக்கை முறுக்கிச் சரிசெய்கிறோம். சுவிட்சை இழுக்கும் ஸ்பிரிங்கைச் சரிசெய்வதை மறந்துவிடுகிறோம். அதனால் பிரேக் நன்றாகப் பிடித்த பின்பே விளக்கு எரிகிறது. கால் வைத்தவுடன், சக்கரத்தில் பிடிப்பு ஏற்படுவதற்கு முன்பே அது எரிய வேண்டும். இன்னொன்று: ஏற்றத்திலோ சுமையோடோ ஆக்ஸிலேட்டரை விட்டமாத்திரத்தில் மொபெட் தானே வேகம் குறைந்துவிடும், பிரேக்கைத் தொடாததால் எந்த விளக்கும் எரியாது. அவ்வேளையில் பிரேக்கை இரண்டு முறை இலேசாகத் தட்டிவிடும் வழக்கத்தை அங்கத்தினர்கள் மேற்கொள்ள வேண்டும்.

ஐப்பசி மழை தொடங்குமுன் இதைச் செய்து முடிக்க எண்ணும் சங்கங்கள், அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே தீர்மானத்தை நிறைவேற்றி, வரவு நேர மாற்றத்தையும் அதிலேயே சேர்த்துக்கொள்வது நலம். மெக்கானிக்குக்குப் பணம் கொடுக்கும் முறையைப் பற்றியும் ஒரு யோசனை கூறுவோம். வண்டியில் வழக்கமான சுமையை ஏற்றி நிறுத்தி, செயலாளர் 20 அடி பின்னால் நின்று பார்க்க வேண்டும். கைப்பிரேக்கைப் பிடித்தால் ஒரு தரமும், கால் பிரேக்கை மிதித்தால் ஒரு தரமும் விளக்கு ஒளிர்ந்த பிறகே ரசீதில் கையெழுத்திட வேண்டும்.